சாதுவாகத்தான் இருந்தது

வீட்டில் வளர்த்த வனவிலங்கை மீட்பு மையத்தில் ஒப்படைக்க வருகிறவர்கள் நிரப்பித் தர வேண்டிய படிவத்தில், விலங்கின் குணத்தைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. சாதுவானது, யாரையும் தொந்தரவு செய்யாது என்றுதான் பெரும்பாலானோர் எழுதுகிறார்கள். அசையாமல் கிடக்கும் இகுவானா என்ற பெரிய பல்லிக்கும், கூண்டின் மூலையில் ஒடுங்கிய கிளிக்கும், வளர்ப்பவரின் கழுத்தை விட்டு இறங்க மறுக்கும் குரங்குக் குட்டிக்கும் அதே பதில்தான். இப்படி வருகிற விலங்குகளை வாங்கி, எடை பார்த்து, கால்நடை மருத்துவரின் பரிசோதனைக்கு ஆயத்தப்படுத்தும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அவற்றைக் கொண்டுவருகிறவர்களில் கொடுமைக்காரர்கள் மிகக் குறைவு. விலங்கு துன்பப்படும் விதம் அவர்களுடைய கண்ணுக்கு நிம்மதியாகவும் பாசமாகவும் தெரிந்திருக்கிறது என்பதே நான் திரும்பத் திரும்பப் பார்த்த உண்மை. இங்கே எழுதுவது முழுக்க அதைப் பற்றித்தான்.

நோயையும் வலியையும் மறைப்பது காட்டு விலங்குகளின் பிறவிக் குணம். கூட்டத்தில் நொண்டுகிற விலங்கைத்தான் வேட்டை விலங்கு குறிவைக்கும் என்பதால், முடிந்தவரை நின்று, முடிந்தவரை தின்று, உடல் முற்றிலும் தளர்ந்த பிறகே அவை வெளிக்காட்டுகின்றன. இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருக்கும் பறவையைத் தூக்கிக்கொண்டு, "இன்னைக்குக் காலையிலிருந்துதான் இப்படி இருக்கு" என்று ஓடிவருகிறவர்களிடம், நோய் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். மார்பெலும்பைத் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். இருபுறமும் சதை வற்றி, எலும்பு கத்தி முனைபோல் துருத்திக்கொண்டிருக்கும். அவ்வளவு சதை ஒரு காலைப்பொழுதில் கரைந்துவிடாது. ஆகவே, ஏற்கெனவே வீட்டில் பறவையோ ஊர்வனவோ வைத்திருப்பவர்களிடம் நான் முதலில் வாங்கச் சொல்வது கிராம் கணக்கில் காட்டும் சிறிய தராசைத்தான். வாரந்தோறும் ஒரே நாளில், உணவு வைப்பதற்கு முன்பு எடை பார்த்துக் குறித்துவைத்தால், கண்ணுக்குத் தெரியாததை அந்தக் குறிப்பேடு காட்டிவிடும். எடை தொடர்ந்து இறங்கினால், விலங்கு எவ்வளவு சுறுசுறுப்பாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

"நாயும் ஒரு காலத்தில் ஓநாயாகத்தானே இருந்தது, இதுவும் பழகிவிடும்" என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். நாய் மனிதனோடு சேர்ந்து குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை தலைமுறைகளிலும் மனிதனுக்கு அஞ்சாத, மனிதனின் முகத்தைப் பார்த்து நடந்துகொள்ளக்கூடிய விலங்குகளே தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெருகின. சைபீரியாவில் 1959ஆம் ஆண்டு மரபியலாளர் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கிய நரி ஆராய்ச்சியில், ஒவ்வொரு தலைமுறையிலும் மிகவும் சாந்தமானவற்றை மட்டும் இனப்பெருக்கத்துக்கு விட்டதால், சில தலைமுறைகளிலேயே வாலாட்டி மனிதரிடம் ஓடிவரும் குட்டிகள் பிறந்தன. அங்கே மாறியது பரம்பரை. பாசம் காட்டி வளர்த்ததால் வந்த மாற்றமன்று. அந்த நரிகளும் காட்டிலிருந்து நேராகப் பிடித்தவை அல்ல, ரோமத்துக்காக நரி வளர்க்கும் பண்ணைகளில் ஏற்கெனவே வளர்க்கப்பட்டுவந்தவை. ஒரு வீட்டில் புட்டிப்பால் கொடுத்து வளர்க்கும் ஒற்றைக் குட்டிக்கு இவற்றில் எதுவும் நடப்பதில்லை. அது பழகுகிறது, அவ்வளவுதான். அதன் உடல் கேட்கும் வெயிலும் தூரமும் கூட்டமும் இருளும் காட்டில் உள்ள அதன் இனத்துக்கு என்னவோ அதேதான். கூண்டிலேயே பிறந்தது என்று விற்பவர்கள் அழுத்திச் சொல்வதற்கும் இதே பதில் பொருந்தும். தவிர, காட்டில் பிடித்ததைப் பண்ணையில் பிறந்ததாகக் காகிதத்தில் மாற்றிக் காட்டுவது இந்த வணிகத்தில் புதிய தந்திரமும் அன்று.

உடல் என்ன கேட்கிறது என்பதை இகுவானா அளவுக்கு எனக்குக் கற்றுக்கொடுத்த விலங்கு வேறில்லை. விற்கும்போது அது உள்ளங்கையில் அடங்கும் பச்சைக் குஞ்சு. ஒழுங்காக வளர்ந்தால் வாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டரைத் தாண்டும். எங்களிடம் வருபவற்றில் பல அந்த நீளத்தை எட்டுவதே இல்லை. ஒன்றை மேசைமீது வைத்ததும் பார்த்தேன்: முன்னங்கால்கள் உடலைத் தாங்கவில்லை, வயிறு தரையில் படிந்திருந்தது. தொடைகள் மட்டும் புஷ்டியாகத் திரண்டிருந்தன. கொண்டுவந்த பெண்மணி அதைக் காட்டி, "நல்லாச் சாப்பிடும், பாருங்க, கால் எவ்வளவு தடிமன்" என்றார். மருத்துவர் கீழ்த்தாடையை இரண்டு விரல்களால் மெல்ல அழுத்தியபோது அது எலும்பாக எதிர்க்காமல் ரப்பராக வளைந்தது. தொடையின் தடிமன் சதையால் வந்ததன்று; சுண்ணாம்புச் சத்து இழந்த எலும்பைத் தாங்க உடல் அதைச் சுற்றி நார்த்திசுவைக் கட்டியிருந்தது. எக்ஸ்ரே படத்தில் எலும்புகள் சுற்றியிருந்த திசுவிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு வெளிறியிருந்தன. ஓடாமல், கடிக்காமல், எடுத்த கையிலேயே கிடந்த விலங்கு அது. ஓடினால் எலும்பு முறியும் என்ற நிலையில் எந்த விலங்கும் அப்படித்தான் கிடக்கும்.

இந்த எலும்பு நோய்க்குக் காரணம் இரண்டு, இரண்டுமே தடுக்கக்கூடியவை. உணவிலுள்ள கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி3 வேண்டும். பகலில் வெயில் காயும் ஊர்வனவற்றின் தோல் அதை உருவாக்க, ஏறத்தாழ 290 முதல் 320 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா பி கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும் என்பதால், கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் வைத்திருந்தேன் என்று சொல்வதால் பயனில்லை. அந்த வெயில் சூட்டை மட்டும் தரும். அதற்கென விற்கும் விளக்கும், வெளிச்சம் குறையாதபோதே, கதிரை இழந்துகொண்டிருக்கும். தயாரிப்பாளர் குறிப்பிடும் காலத்துக்குள், பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களில், அதை மாற்றியாக வேண்டும். இரண்டாவது காரணம் உணவு. இகுவானா இலை தின்னும் விலங்கு. அதன் உணவில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் ஏறத்தாழ இரு மடங்கு இருக்க வேண்டும். விரும்பித் தின்கிறதே என்று இறைச்சியும் நாய்த் தீனியும் கொடுத்தால் எலும்போடு சிறுநீரகமும் கெடும். தனி இறைச்சியில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் இருப்பதால், எலும்பு இல்லாத இறைச்சித் துண்டுகளை மட்டும் தின்று வளரும் ஆந்தைக் குஞ்சுகளின் கால்களும் இதே போலத்தான் வளைந்து வருகின்றன. ஆந்தை இரையை முடியோடும் எலும்போடும் விழுங்கி, செரிக்காததை உருண்டையாகக் கக்குகிற பறவை. சுத்தப்படுத்திய இறைச்சி அதற்கு நாம் செய்யும் உபகாரம் அல்ல.

நீர் ஆமைகளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. நாணயம் அளவில் வாங்கியது 25 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து, தொட்டியில் திரும்ப இடமில்லாமல், வைட்டமின் ஏ பற்றாக்குறையால் இமைகள் வீங்கிக் கண் திறக்க முடியாமல் வருவது எங்களுக்கு வாடிக்கை. கண்ணை மூடிக்கொண்டே இருக்கிறது, எப்போதும் தூக்கம் என்றுதான் அதைக் கொண்டுவருகிறவர்கள் சொல்கிறார்கள்.

கிளிகளின் விஷயம் வேறு. அங்கே எலும்பைவிட மனம் முதலில் உடைகிறது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி காட்டில் நூற்றுக்கணக்கில் கூடி அடையும் பறவை. பகலில் இரைக்காகப் பல கிலோமீட்டர் பறக்கும். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழக்கூடியது. அதைத் தனியாக, பறவையற்ற வீட்டில், சிறகு வெட்டி, ஒரு கிண்ணம் விதையின் முன் வைத்தால் நாளில் செய்வதற்கு அதற்கு ஒன்றுமே இல்லாமல் போகிறது. இறகைப் பிடுங்கத் தொடங்குகிறது. மார்பும் தொடையும் சிறகின் உட்புறமும் வெறும் தோலாக இருக்க, தலையில் மட்டும் இறகுகள் ஒன்றுகூடக் குறையாமல் இருப்பதைக் கண்டால் அது தானே பிடுங்கியது என்று பெரும்பாலும் முடிவுசெய்யலாம், ஏனெனில் அலகு தலைக்கு எட்டாது. தலையும் வழுக்கையாக இருந்தால் தோல் நோயையோ வைரஸ் தொற்றையோ உடனிருக்கும் மற்றொரு பறவையையோ சந்தேகிக்க வேண்டும். தானே பிடுங்கியதாக இருந்தாலும் ஈரல் நோய், ஒட்டுண்ணி, சத்துக் குறைவு ஆகியவை இல்லை என்று பரிசோதித்து உறுதிசெய்த பிறகே மனவாட்டம் என்று சொல்ல வேண்டும்.

வளர்த்தவர்கள் பெருமையாகச் சொல்லும் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். தன் கையில் மட்டும் கிளி இரையைக் கக்கித் தருகிறது, தன்னைத் தவிர யாரையும் அருகில் விடுவதில்லை என்பார்கள். கக்கி ஊட்டுவது கிளி தன் இணைக்குச் செய்வது. முதுகையும் வால் அடியையும் ஓயாமல் தடவுகிறவரை அது இணையாகக் கொள்கிறது. அந்த இணை ஒருநாளும் கூடு கட்ட வருவதில்லை. விளைவு, அலறல், கடி, பெட்டைகளில் இடைவிடாமல் முட்டையிட்டுக் கால்சியம் வற்றிப்போவது. ஏற்கெனவே வளர்ப்பவர்கள் தலையையும் கழுத்தையும் மட்டும் வருடுவது, உணவைக் கிண்ணத்தில் கொட்டாமல் காகிதச் சுருளிலும் மரத்துளையிலும் ஒளித்துத் தேட வைப்பது, இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருளும் அமைதியும் தருவது, விதையைக் குறைத்துச் சமச்சீர் உணவுக்குப் படிப்படியாக மாற்றுவது ஆகியவற்றால் பறவையின் நிலையை ஓரளவு தேற்றலாம். ஒட்டாத பூச்சுள்ள பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் எழும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்த நாடுகள் 2016ஆம் ஆண்டு மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றின. அந்த அளவுக்குக் காடுகள் வெறுமையாகியிருந்தன.

பார்ப்பவரின் தவறான புரிதல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தேவாங்குக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்லோ லோரிஸைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. கிச்சுக்கிச்சு மூட்டினால் அது இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டும் காணொளிகளை உலகமே ரசித்தது. அதன் முழங்கையின் உட்புறம் ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் ஊறும் திரவத்தை எச்சிலோடு கலந்தால்தான் அதன் கடி நஞ்சாகும். கைகளை உயர்த்துவது அந்தச் சுரப்பியை வாயருகே கொண்டுவரும் தற்காப்பு நிலை. இரவில் மட்டும் நடமாடும் அந்த விலங்கைப் பளிச்சென்ற விளக்கொளியில், மல்லாக்கப் போட்டு, வயிற்றைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது அது செய்வதற்கு வேறெதுவும் இல்லை. விற்பனைக்கு வருபவற்றின் பற்களை மயக்க மருந்தின்றி நகவெட்டியால் நறுக்கிவிடுகிறார்கள். ஈறு சீழ்பிடித்துப் பல சாகின்றன. பிழைத்தாலும், காட்டில் மரத்தைச் சுரண்டிப் பிசின் தின்ன உதவும் பற்கள் போனபின் அவற்றைத் திரும்ப விட முடியாது. 2007இல் சைட்டிஸ் முதல் பட்டியலில் சேர்த்த பிறகும் கடத்தல் நின்றபாடில்லை. இத்தகைய காணொளியைக் கண்டித்துக் கருத்து எழுதுவதும் பகிர்வதும்கூட அதை மேலும் பலரிடம் கொண்டுசேர்க்கும் என்பதால், சத்தமில்லாமல் புகாரளித்துவிட்டு நகர்வதே நல்லது என்பது என் கருத்து.

குரங்குகள் எங்களிடம் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வயதுக்குள் வந்துவிடுகின்றன. அது தற்செயல் அல்ல. பல குரங்கினங்கள் பருவமெய்தும் வயது அது. அதுவரை கழுத்தைக் கட்டிக்கொண்டு திரிந்த குட்டி, வீட்டிலுள்ளவர்களைத் தன் கூட்டமாக எண்ணி அதில் தன் இடத்துக்காகச் சண்டையிடத் தொடங்கும்; முதலில் கடிபடுவது பெரும்பாலும் குழந்தைகள். குட்டி கழுத்தை விடாமல் பற்றியிருந்ததும் அன்பின் அடையாளம் மட்டும் அன்று. தாயின் வயிற்றோடு ஒட்டி மாதக்கணக்கில் இருக்க வேண்டியது, தாய் கொல்லப்பட்டோ பிரிக்கப்பட்டோ, கிடைத்ததைப் பற்றிக்கொண்டிருந்தது. அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ 1950களிலும் 60களிலும் ரீசஸ் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து நடத்திய சோதனைகள் இன்று யாரும் அனுமதிக்க முடியாத அளவுக்குக் கொடூரமானவை. தனிமையில் வளர்ந்தவை தம்மைத் தாமே கட்டிக்கொண்டு ஆடின, தம் கைகளைக் கடித்துக்கொண்டன, பின்னர் மற்ற குரங்குகளோடு சேர்ந்து வாழத் தெரியாமல் தவித்தன. அதே ஆட்டத்தையும் அதே கடித் தழும்புகளையும் டயாப்பர் கட்டி வளர்த்த குட்டிகளிடமும் பார்க்கிறேன். கடிக்காமலிருக்கக் கோரைப் பற்களைப் பிடுங்கிவிட்டுக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. தொற்று இரு திசையிலும் பாயும்: ரீசஸ் போன்ற மக்காக் குரங்குகளில் பெரிதாக நோய் காட்டாத ஹெர்பிஸ் பி வைரஸ், மிக அரிதாகவே மனிதருக்குத் தொற்றினாலும், சிகிச்சை தாமதமானால் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும், நம் உதட்டில் சிறு கொப்புளமாக வந்துபோகும் ஹெர்பிஸ் வைரஸோ மார்மோசெட் என்ற தென்னமெரிக்கச் சிறு குரங்கைக் கொன்றுவிடக்கூடியது.

மனிதரின் உடல்நலம் விலங்கு நலத்திலிருந்து தனியான விஷயம் அன்று. நெரிசலிலும் பயத்திலும் இருக்கும் விலங்கே அதிகமாகக் கிருமியைக் கழிக்கிறது. ஆமைகளும் பல்லிகளும் எந்த அறிகுறியும் இன்றி, மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். சிறு ஆமைகளை வாயில் வைத்த குழந்தைகள் நோயுற்றதால், ஓட்டின் நீளம் நான்கு அங்குலத்துக்கும் குறைவான ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975இல் தடைசெய்தது. 2003இல் அதே நாட்டில் 47 பேரைப் பாதித்த எம்பாக்ஸ் எனப்படும் குரங்கம்மை, கானாவிலிருந்து செல்லப்பிராணி வணிகத்துக்காக இறக்குமதியான கொறிணிகளிடமிருந்து, அருகில் வைத்திருந்த புல்வெளி நாய்கள் எனப்படும் அணில் குடும்ப விலங்குகளுக்குத் தொற்றி, அவற்றை வாங்கியவர்களுக்குப் பரவியது. ஊர்வனவற்றின் தொட்டியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அவற்றைக் கையாள வேண்டாம்.

வளர்க்க முடியாமல் போகும்போது பலருக்கும் முதலில் தோன்றுவது, கொண்டுபோய் விட்டுவிடலாம் என்பது. மனம் இளகியவர்கள் செய்யும் இந்தக் காரியம் இரண்டு வகையில் நாசம் விளைவிக்கிறது. அந்த நிலத்துக்குச் சொந்தமில்லாத விலங்கு பிழைத்துக்கொண்டால், ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்பைப் போல உள்ளூர் உயிர்களை அழிக்கும். உலகெங்கும் குளங்களில் விடப்பட்ட சிவப்புக் காது ஆமையின் இறக்குமதியை ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் நிறுத்தியதற்கும் இதுவே காரணம். பிழைக்காவிட்டால், இரை தேடவோ பகையை அடையாளம் காணவோ தெரியாத விலங்கு பசியில் சாகும், அல்லது மனிதரைத் தேடிப் போய் அடிபடும். போகிற வழியில் வீட்டில் பெற்ற கிருமியைக் காட்டுக்குக் கொடுத்தும்விடும்.

அனாதையாகக் கிடந்தது என்று எடுத்துவரப்படும் குட்டிகளிலும் பல அனாதைகள் அல்ல. பறக்கப் பழகும் பறவைக் குஞ்சு தரையில் சில நாட்கள் கழிப்பதும், மான் தன் குட்டியைப் புல்லில் படுக்கவைத்துவிட்டு மேயப் போவதும் இயல்பு. தொலைவில் நின்று கவனித்தால் தாய் திரும்பிவருவது தெரியும். காயம் பட்டிருந்தால் மட்டும் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டில், இளஞ்சூட்டில் வைத்து, உரிமம் பெற்ற மையத்தையோ வனத்துறையையோ அழைக்க வேண்டும். பசுவின் பால் கொடுக்காதீர்கள். குளிர்ந்துபோன உடலில் எந்த உணவும் செரிக்காது, படுக்கவைத்துப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகும். எங்களிடம் வந்து இறந்த குட்டிகளில் பசியால் இறந்தவற்றைவிட இப்படிப் பாலூட்டப்பட்டு இறந்தவை அதிகமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

எந்த விலங்கையும் தடையில்லையென்றால் வளர்க்கலாம் என்ற முறையைத் திருப்பிப்போட்டு, வளர்க்கத் தகுந்தவை இவை மட்டுமே என்று பட்டியலிட்ட நாடுகளும் உண்டு. பெல்ஜியம் 42 பாலூட்டி இனங்களோடு அதைத் தொடங்கியது. நெதர்லாந்தின் 30 இனப் பட்டியல் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. புதிய இனம் ஒன்று காணொளியில் பிரபலமாகி, சட்டம் அதை எட்டிப்பிடிப்பதற்குள் ஆயிரக்கணக்கில் பிடிபட்டுவிடுகிறது என்பதால், எனக்கு இந்த முறையே அறிவுடையதாகத் தோன்றுகிறது. சிறுநக நீர்நாய்க்கு நடந்தது அதுதான்; செல்லப்பிராணி மோகம் உச்சத்தில் இருந்த பிறகே, 2019இல், அது சைட்டிஸின் முதல் பட்டியலுக்குப் போனது.

ஏற்கெனவே ஒன்று வீட்டில் இருக்கிறது என்றால், ஒளித்துவைப்பதைவிட ஒப்படைப்பதே அதற்கு நல்லது. பல இடங்களில் தாமாக முன்வந்து ஒப்படைப்பவரைப் பிடிபட்டவரைப் போல நடத்துவதில்லை. உங்கள் நாட்டுச் சட்டத்தை முதலில் கேட்டறிந்துகொள்ளுங்கள். வரும்போது எடைக் குறிப்பு, கொடுத்த உணவின் உண்மையான பட்டியல், கூண்டின் படம், உள்ளே சூடான இடத்திலும் குளிர்ந்த இடத்திலும் எடுத்த வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். கண்டிப்போமோ என்று பயந்து உணவைப் பற்றிப் பொய் சொல்பவர்களால் சிகிச்சை தாமதமாகிறது. துணைக்கு என்று இன்னொன்றை வாங்கிச் சேர்த்துக் கொண்டுவராதீர்கள். பழக்கமான உணவை முதல் நாளே நிறுத்தினால் சில விலங்குகள் பட்டினி கிடந்தே இறந்துவிடும் என்பதால், அதில் கொஞ்சம் கையோடு தந்துவிட்டுப் போங்கள்.

பிறகு பார்க்க வரலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஊர்வன என்றால் தனிமைப்படுத்தும் காலம் முடிந்ததும் வரலாம், அதற்கு அதனால் ஒன்றுமில்லை. குரங்கும் கிளியும் என்றால் வேண்டாம் என்கிறேன். தன் இனத்தோடு பழக அவற்றுக்கு மாதங்கள் பிடிக்கும். வளர்த்தவரின் குரலைக் கேட்ட ஒவ்வொரு முறையும் கம்பியருகே வந்து நின்றுவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.